படுகளத்தில் என் தம்பி

எட்டியப்பன் மண்ணால் செய்த துரியோதனனுக்கு என் தம்பியின் முகம் வந்தது. எப்படி வந்தது, எதனால் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் மாய்ந்து மாய்ந்து கேட்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. வராமல் இருந்திருந்தால்தான் நாங்கள் ஆச்சரியப்பட்டிருப்போம், ஆச்சரியப்பட்டு, அப்பாடா தப்பித்தோம் என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்போம். அப்படிப்பட்ட ஊர் இது. நானும் இந்த ஊர்க்காரிதான், திட்டுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

என் பெயர் தனபாக்கியம், ஊர் ஆனைக்கல்பாடி. எங்கள் திரௌபதி அம்மன் கோயிலில் வைகாசி மாதம் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும், பதினெட்டாம் நாள் காலையில் படுகளம். கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில் அறுபது அடி நீளத்துக்குத் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்கவைத்து, தொடைக்குள் குங்குமம் கரைத்த பானையைப் புதைத்து மூடியிருப்பார்கள். வீமன் வேஷம் கட்டியவர் மூன்று சுற்றுச் சுற்றி வந்து கதாயுதத்தால் தொடையில் ஓங்கி ஒரு போடு போடுவார், பானை உடையும், ரத்தம் வரும், அந்த ரத்தத்தைத் தொட்டுத் திரௌபதி தன் விரித்த கூந்தலை முடிவாள். அதற்கப்புறம் நாங்கள், பொம்பளைகள், விளக்குமாறும் முறமுமாகப் போய் விழுந்து கிடக்கிறவனைக் கை ஓய அடிப்போம். ஓய்ந்ததும் அவனைப் பெற்ற காந்தாரி தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள், அடித்த நாங்களே விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்து அழுவோம். கெட்டவனாக இருந்தாலும் ஓடாமல் நின்று விழுந்தவன் அல்லவா. கடைசியில் அவன் உடம்பிலிருந்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய் நெல்லோடு போட்டு வைப்போம். அடிக்காவிட்டால் மழை இல்லை, அழாவிட்டால் பாவம், மண் எடுக்காவிட்டால் விளைச்சல் இல்லை. வருஷா வருஷம் இதுதான், வருஷா வருஷம் அவன் விழுவான், நாங்கள் அடிப்போம், அழுவோம்.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். வேடியப்பன் என்று பெயர். கல்குவாரியில் பாறைக்குத் துளை போடுகிற மிஷின் ஓட்டினான். குவாரியை எடுத்து நடத்துகிறவன் கஜேந்திரன், கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவன்தான், ஊரில் எது பெரிதோ அது அவனுடையது. மாசி மாதம் ஒரு காலையில் வெடி வைத்த பாறையைச் சரியாகப் பார்க்காமல், அடியில் மூன்று ஒடிசாப் பையன்களை இறக்கிவிட்டார்கள். மேலே நின்ற என் தம்பி பாறை வாய் பிளப்பதைப் பார்த்தான், கத்தினான், அவன் கத்தின தமிழ் அந்தப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை, அதனால் குதித்தான். மூன்று பேரையும் ஒவ்வொருத்தனாகப் பிடித்து மேலே தள்ளினான். கடைசியாகத் தான் ஏறும்போது பாறை சரிந்து வலது தொடையில் உட்கார்ந்துகொண்டது. காலை ஏழு மணிக்கு விழுந்தவன் உச்சி வெயில் வரைக்கும் அங்கேயே கிடந்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் குவாரிக்கு அனுமதி முடிந்து ஒரு வருஷம் ஆன கதை வெளியே வந்துவிடும் என்று கஜேந்திரன் கூப்பிடவிடவில்லை. நாசமாய்ப் போகிறவன். உயிர் போன பிறகு என் தம்பியின் வாயில் பிராந்தியை ஊற்றி, சட்டையிலும் தெளித்து, குடித்துவிட்டுத் தானாக விழுந்தான் என்று சொல்லிவிட்டான். தீபாவளிக்குக்கூடத் தொடாதவனய்யா அவன்! அந்த மூன்று பிள்ளைகளையும் அன்றைக்குச் சாயங்காலமே ரயில் ஏற்றிவிட்டார்கள். இதெல்லாம் கூட வேலை செய்தவர்கள் அன்றைக்கே என் காதில் ரகசியமாகச் சொன்னது.

அதற்கும் ஒரு காகிதம் வேண்டுமாம், ஊரில் ஐந்து பேர் சாட்சி வைக்க வேண்டுமாம். முதல் கைரேகை என்னுடையது. ஆமாம், கூடப் பிறந்தவளுடையதுதான்! குவாரி மேஸ்திரி வந்து, "ஆஸ்பத்திரில துண்டு துண்டா அறுத்துடுவாங்க தனபாக்கியம், கையெழுத்து வெச்சுட்டா அறுக்காம முழுசா குடுத்துடுவாங்க" என்றான். எங்கள் பக்கம் அறுத்த உடம்பை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம், வாசலோடு எடுத்துப் போய்விடுவோம். பிறந்த வீட்டுக்குள் ஒரு நாழிகையாவது கிடக்கட்டும் என்று நினைத்தேன், கட்டை விரலை மையில் தோய்த்தேன். எனக்கப்புறம் குயவர் எட்டியப்பன் வைத்தார், வீமன் வேஷம் கட்டுகிற கண்ணாயிரம் வைத்தார், இன்னும் இரண்டு பேர் வைத்தார்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், பெயர் சொல்ல மாட்டேன். சாயங்காலம் என் தம்பியை அறுத்துத் தைத்துத்தான் கொடுத்தார்கள். வாசலில் வைத்துத்தான் எடுத்தோம்.

அவன் பெண்டாட்டி பூங்காவனம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். தினம் காலையில் கஜேந்திரன் வீட்டு வாசலில் போய் நிற்பாள். "எனக்கு எதுவும் வேணாம். அவரு குடிக்கலன்னு ஊரு முன்னால ஒரு வார்த்த சொல்லுங்க, போயிடறேன்" என்பாள். அவன் காரில் ஏறிப் போய்விடுவான். அப்புறம் எங்களிடம் வந்தாள், கைரேகை வைத்த ஐந்து பேரிடமும். என்னை அண்ணி அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், என் முகத்தைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க அண்ணி" என்றாள். நான் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒரு மண்ணும் இல்லை. என் வாயில்தான் மண் இருந்தது.

வைகாசி வந்தது, பாரதம் தொடங்கியது. பதினைந்தாம் நாள் எட்டியப்பன் ஏரி மண்ணை மிதித்துக் குழைத்து, வழக்கம்போல உருட்டு விழி, முறுக்கு மீசை, கோரைப்பல் என்று துரியோதனன் முகத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் விடிந்து வந்து பார்த்தால் கோரைப்பல்லைக் காணோம், மீசையைக் காணோம், சின்ன வயதில் பம்புசெட்டில் மோதி உடைந்த முன்பல்லும் இடது புருவத்தில் வெட்டுத் தழும்புமாக என் தம்பி ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எட்டியப்பன் மண்வெட்டியை எடுத்து முகத்தைச் சரித்துவிட்டு மறுபடி வைத்தார், மத்தியானத்துக்குள் மறுபடி என் தம்பி வந்தான். மூன்றாவது தடவை கஜேந்திரனே நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எட்டியப்பனின் ஈரக் கை இன்னும் அந்த மண்ணில் இருக்கும்போதே, மீசை மெதுவாக உள்ளே போனது, பல் உடைந்தது, தழும்பு விழுந்தது. எட்டியப்பன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "என் வேல முடிஞ்சிது மொதலாளி, இனிமே நீங்களே வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? வேலையைப் பார்த்தது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி வந்து என் தம்பியின் விலாவோரம் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் காது மடலில் ஏறிச் சறுக்கி விளையாடின, அப்புறம் பெரியவர்கள் அதட்டினதால் மூக்கோடு நிறுத்திக்கொண்டன. அவனிடம் சைக்கிள் இரவல் வாங்கித் திருப்பித் தராதவன் ஒருத்தன் சைக்கிளைக் கழுவிக் கொண்டுவந்து முழங்கைக்குள் சாய்த்துவிட்டுப் போனான். புருஷனோடு சண்டை போட்டவர்கள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள், ஏனென்றால் அவன் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், சொன்னதை வெளியே சொல்ல மாட்டான். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள், பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள், மூக்கு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று குறைகூடச் சொன்னார்கள். கைரேகை வைத்த நாங்கள் ஐந்து பேர் மட்டும் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் கால் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனோம். அறுபது அடி நடை கூடுதல், முகத்தைப் பார்க்க வேண்டாமே! தூ, எங்கள் பிழைப்பு.

பதினேழாம் நாள் அவன் வலது தொடை, யாரும் கை வைக்காமல், பாறை உட்கார்ந்த மாதிரி உள்ளே அமுங்கியது. அன்றைக்கு ஊர்க்கூட்டம் போட்டார்கள். மண்ணைக் கலைத்துவிட்டு இந்த வருஷம் படுகளமே வேண்டாம் என்றார்கள் சில பேர்; அப்புறம் மழைக்கு எங்கே போவது என்றார்கள் சில பேர்; முகத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அடிக்கலாம் என்று யாரோ ஒரு மகா புத்திசாலி சொன்னதும், அதுவும் சரிதானே என்று கூட்டம் தலையை ஆட்டியது. அப்போது கஜேந்திரன் எழுந்தான். "மூடவெல்லாம் வேணாம். குடிகாரன் மூஞ்சிதானே, நல்லா தொறந்து வெச்சி அடிங்க, ஊருக்குப் புத்தி வரும்" என்றான். கூட்டத்தில் பூங்காவனம் இருந்தாள். எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வெளியே போனாள். நானும் அங்கேதான் இருந்தேன். அப்போதும் பாருங்கள், வாய் திறக்கவில்லை.

பதினெட்டாம் நாள் காலை, எள் போட்டால் எள் விழாத கூட்டம். மேளம் அடித்தது. கண்ணாயிரம் வீமன் வேஷத்தில் கதாயுதத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சலங்கை அதிர மூன்று சுற்றுச் சுற்றினார். பின்னால் விரித்த கூந்தலோடு திரௌபதி, அவர்களுக்குப் பின்னால் பட்டு வேட்டியில் கஜேந்திரன், அவனுக்குப் பின்னால் விளக்குமாற்றோடு நாங்கள் இருநூறு பொம்பளைகள். மூன்றாவது சுற்றில் கண்ணாயிரம் தொடைக்குப் பக்கத்தில் நின்றார். கதாயுதத்தைத் தூக்கினார். தூக்கின கை தூக்கினபடி நின்றது. மேளக்காரர் இன்னும் பலமாக அடித்தார். கண்ணாயிரம் கையை இறக்கி, மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தார்.

"இந்தத் தொட ஏற்கெனவே ஒடைஞ்சது. ஒடைஞ்ச தொடைய ஒடைக்க வீமனுக்குப் பாட்டு கெடையாது."

"வேஷம் கட்டுனவன் வேஷத்தப் பாருய்யா" என்று கஜேந்திரன் கத்தினான். "மண்ணுய்யா அது!"

"மண்ணுதான். நீங்களே அடிங்க."

கஜேந்திரன் அவர் கையிலிருந்து கதாயுதத்தைப் பிடுங்கினான். ஓங்கினான். நான் எப்போது ஓடினேன், எப்படி அத்தனை பேரைத் தள்ளிக்கொண்டு போனேன் என்று எனக்குத் தெரியாது, ஐம்பத்திரண்டு வயதில் முட்டி வலிக்காரி நான், ஏறிப்போய் என் தம்பியின் தொடை மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டேன். மண் சூடாக இருந்தது. உடம்புச் சூடு.

"எழுந்திரு தனபாக்கியம், அசிங்கம் பண்ணாத" என்றான்.

"அசிங்கத்த அன்னிக்கே பண்ணிட்டேன்டா!" என்றேன். தர்மகர்த்தாவை, முதலாளியை, டா போட்டேன். மைக் அதை அப்படியே வாங்கி நாலு ஊருக்குச் சொன்னது. "எந்தம்பி குடிக்கல. மூணு புள்ளைங்கள மேல தள்ளிட்டு அடியில மாட்டிக்கினு செத்தான். பொழுது உச்சிக்கு வர்ற வரைக்கும் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினு கெடந்தான். செத்த வாயில இவன்தான் ஊத்துனான். அது தெரிஞ்சும் நான் கைநாட்டு வெச்சேன். அடிக்கணும்னா என்னை அடிங்க. மழ வர்லன்னா என்னால வர்லன்னு வெச்சிக்குங்க!"

மேளம் நின்றுபோயிருந்தது. கூட்டம் விலகியது, பூங்காவனம் வந்தாள். கையில் விளக்குமாறு இருந்தது.

"அண்ணி, எறங்குங்க" என்றாள். "அது அவரு காலு. வலிக்கும்."

இறங்கினேன்.

"இங்க படுங்க" என்று தரையைக் காட்டினாள். படுத்தேன். அடித்தாள். சடங்குக்குத் தொடுகிற அடி இல்லை, முதுகுத் தோல் கிழிகிற அடி. தை மாதத்தில் பொங்கல் கொடுத்து, மாசியில் தாலி இழந்து, பங்குனி சித்திரை இரண்டு மாதமும் ஒவ்வொரு வாசலாக நின்று காலோய்ந்தவளின் அடி. ஒவ்வொரு அடிக்கும், "இன்னா சொன்னீங்க? கேக்கல, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். "குடிக்கல" என்றேன். "அவர் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். மூன்று நாளில் முதல் தடவையாக என் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வலித்தது, நன்றாக வலிக்கட்டும் என்று இருந்தது.

அடுத்தாற்போல எட்டியப்பன் வந்து படுத்தார். கண்ணாயிரம் கிரீடத்தைக் கழற்றிவிட்டு வீமன் வேஷத்தோடு படுத்தார். மற்ற இரண்டு பேரும் பெண்டாட்டி பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க வந்து படுத்தார்கள். ஐந்து பேரையும் அடித்தாள், ஐந்து பேரையும் சொல்ல வைத்தாள். அப்புறம் மூச்சு வாங்க நிமிர்ந்து கஜேந்திரன் பக்கம் திரும்பினாள்.

"நீ படு" என்றாள்.

அவன் சிரித்தான். திரும்பி நடந்தான். ஆனால் எங்கே போவான்? கையில் காப்புக் கட்டியிருக்கிறான். அம்மனுக்குக் காப்புக் கட்டியவன் கூந்தல் முடிந்து தீ மிதித்துக் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வம்சம் விளங்காது என்று எங்களை விட அவனுக்குத்தான் பயம். கோயில் பணத்தைத் தொடக் கூசாதவன் காப்புக் கயிற்றுக்குப் பயப்படுவான். காருக்குப் போகிற வழியில் சனம் உட்கார்ந்திருந்தது. அவனை யாரும் தடுக்கவில்லை, தொடவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை, எழுந்து வழி மட்டும் விடவில்லை. திரௌபதி வேஷக்காரர் விரித்த தலையோடு நின்றுகொண்டிருந்தார். தீ மிதிக்க அடுக்கிய விறகு கொளுத்தாமல் கிடந்தது. குழந்தைகள் பசித்து அழுதன, பால் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கஜேந்திரனுக்குக் குடை பிடிக்கிறவன் குடையை மடக்கிக்கொண்டு கூட்டத்தோடு உட்கார்ந்துவிட்டான். கஜேந்திரன் தண்ணீர் கேட்டான், யாரும் எழுந்திருக்கவில்லை. பொழுது ஏறியது, ஏறி, உச்சிக்கு வந்தது.

அப்போது அவன் முட்டி போட்டான். பட்டு வேட்டியோடு, படுகளத்து மண்ணில், என் தம்பிக்குப் பத்தடி தள்ளி மல்லாக்கப் படுத்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "அடிச்சித் தொலைங்க, சீக்கிரம் முடிங்க" என்றான். நாங்கள் இருநூறு பேரும் எழுந்தோம். என் கை துறுதுறுத்தது. கிழிந்த முதுகோடு நான்தான் முதலில் விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு போனேன். பூங்காவனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், குழம்பில் விழுந்த பல்லியைப் பார்க்கிற மாதிரி.

"விடுங்க அண்ணி. விழுந்தவனுக்குத்தான் அடி, விழுந்தவனுக்குத்தான் அழுக. இவன் எங்க விழுந்தான்? வெயில் தாங்காம படுத்துட்டான்."

விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அவள் என் தம்பியின் தலைமாட்டுக்குப் போனாள். எட்டியப்பன் தொடையில் கை நுழைத்து, குழந்தையை எடுக்கிற மாதிரிப் பானையை உடையாமல் வெளியே எடுத்துக் கொடுத்தார், திரௌபதி அதில் தொட்டுக் கூந்தலை முடிந்தாள். காந்தாரி வேஷக்காரர் ஒதுங்கிக்கொள்ள, பூங்காவனம் உட்கார்ந்து வாய் திறந்தாள். மூன்று மாதமாக அடக்கி வைத்த ஒப்பாரி அது. உச்சி வெயிலில் அவள் ஒரு அடி பாட, இருநூறு பேரும் மண் மேனியைச் சுற்றி உட்கார்ந்து தோளில் தோள் போட்டு வாங்கிப் பாடினோம். குவாரியில் கூப்பிட்ட குரலுக்கு யாரும் வராத என் தம்பிக்கு அன்றைக்கு நாலு ஊர் சனமும் அழுதது. அழுது முடித்து ஆளுக்கொரு பிடி அவன் மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டோம். சாயங்காலம் தீ மூட்டி மிதித்தோம்.

கஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் படுத்தே கிடந்தான், முதல் அடிக்காகக் காத்துக்கொண்டு. எவ்வளவு நேரம் கிடந்தான், எப்போது எழுந்து போனான் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.